பொட்டு வைக்க மிஷின் எங்கே?

அத்தியாயம் 11

மோட்டார் பம்புக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி, பக்கத்தில் வாழைக்கன்று என்று பலராமன் ஜோராக ஜோடித்து வைத்திருந்தார். ஆனால் ஆயுத பூஜையும் அதுவுமாய் வாசலைக் கழுவிவிட எழிலரசிக்கு ஒரு குடம் தண்ணீர் இல்லை. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் அவள் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் டேங்கர் லாரியை மறித்தாளே, அந்த லாரி நிரம்புவது அவள் புருஷன் பலராமனுடைய கிணற்றில்தான். நிரம்பிப் போவது அவள் மகள் கங்கா வேலை பார்க்கும் ஒரகடம் டேட்டா சென்டருக்கு. தெருவே கைகொட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லாம் கங்கா வழியாகத்தான்.

“கங்கா, ஒங்கப்பன கேளு. மோட்டாருக்குப் பூ வச்சி அழகு பாக்குறாரே, அது எழுந்து வந்து வாசல்ல கோலம் போடுமா?”

“கங்கா, ஒங்கம்மாவாண்ட சொல்லு. இன்னிக்கி மோட்டாருக்கு லீவு. பொட்டு வச்சத நான் ஓட்ட மாட்டேன். லாரிக்காரன்கிட்டயே வராதன்னு சொல்லிட்டேன்.”

“நேத்து லாரி லாரியா போச்சே, அதுல ஒரு குடம் வூட்டுக்குப் புடிச்சி வைக்கலாம்னு தோணிச்சான்னு கேளுடி!”

“நீங்க ரெண்டு பேரும் எப்டியோ போங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று கங்கா ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டினாள்.

ஒரகடம் முழுக்க இன்று லீவு. கார் கம்பெனி, லாரி கம்பெனி, உதிரி பாகக் கம்பெனி எல்லாவற்றிலும் நேற்றே பூஜை போட்டு, பொரி கடலை பொட்டலம் கொடுத்து, மிஷினை நிறுத்திவிட்டார்கள். டேட்டா சென்டர் மட்டும் மூச்சு விடுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கங்காவுக்கு லீவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. தம்பி பகலவன்.

“அக்கா, ஒரு ஹெல்ப்பு.”

“துட்டுன்னா போனை வை.”

“துட்டில்லக்கா. ஊர்ல எல்லாரும் அவங்கவங்க மிஷினுக்குப் பொட்டு வச்சிக்கினு கீறாங்க. என் மிஷின் உங்க பில்டிங்லதான கீது? எனக்காக நீ போயி ஒரு பொட்டு வச்சிட்டு வாயேன்.”

கங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பகலவன் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு மெஸ்ஸுக்கு மேல் மாடியில் கேம் சென்டர் நடத்துகிறான். தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்ட் பார்க்கும் பையன்கள்தான் வாடிக்கை. முதலில் ஆறு பெரிய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டான். லாரி கம்பெனியை விட்டு வந்தபோது பலராமன் கைக்குக் கிடைத்ததெல்லாம் அந்த ஆறு கம்ப்யூட்டரில்தான் போனது. அப்புறம் ஒரு கேம் கம்பெனி, ‘கம்ப்யூட்டரே வேண்டாம், வெறும் ஸ்கிரீன் போதும், கேமை நாங்கள் ஓட்டி உங்களுக்குப் படமாக அனுப்புகிறோம், எங்கள் மிஷின் இனி ஒரகடத்திலேயே’ என்று ஊர் முழுக்க போர்டு வைத்தது. பகலவன் விழுந்துவிட்டான். வரிசையாக ஸ்கிரீன் மாட்டினான். பையன் இங்கே பட்டனை அழுத்துவான், கேம் கங்காவின் பில்டிங்கில் மூன்றாவது ஹாலில் ஓடும்.

“அங்க தூள் கீள் எடுத்துக்கினு போனா தொலைச்சிடுவாங்கடா. துளி குங்குமம் ஃபேனுக்குள்ள போச்சின்னா என் சீட்டு கிழிஞ்சிடும்.”

“ஸ்டிக்கர் பொட்டு வையி. அது தூள் இல்லியே?”

“பேஜார் புடிச்சவன்டா நீ. சரி, பாக்குறேன். அந்தப் பழைய ஆறுக்கும் பொட்டு வச்சியா?”

“வச்சி மாலையும் போட்டாச்சு. சாயங்காலம் காஞ்சிபுரத்து ஆளு வேன் எடுத்துக்கினு வரான். தூக்கிக் குடுத்துட்டா இடம் காலி. அங்கயும் ஸ்கிரீன் மாட்டிட வேண்டியதுதான். அப்பா இன்னும் மொறைச்சிக்கினு கீறாரு, நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லுக்கா.”

கங்கா சரி என்றாள். தம்பி தலையெடுத்துவிட்டான் என்று மனசுக்குள் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

கேட்டில் செக்யூரிட்டிகள் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் கேட்டோடு சரி. உள்ளே ஒரு கீற்று புகை போனால் ஊரைக் கூட்டும் மணி அடிக்கும்.

கங்காவுக்கு வேலை கூலிங் செக்‌ஷனில். ஹால் ஹாலாக அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் என்ன செய்கின்றன என்று அவளுக்குத் தெரியாது, எவ்வளவு கொதிக்கின்றன என்பது மட்டும் தெரியும். எல்லாவற்றிலும் மோசம் மூன்றாவது ஹால், அதுதான் கேம் ஹால். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பையன்கள் ரூமுக்குத் திரும்பினால் இங்கே அடுப்பு மாதிரி எரியும். காலையில் ஒருத்தனும் ஆட மாட்டான், ஆனாலும் மிஷின்கள் விழித்துக்கொண்டு கரண்டைக் குடிக்கும். அந்தச் சூட்டையெல்லாம் மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் ஆற்ற வேண்டும். ஆற்றும்போது தண்ணீர் ஆவியாகப் போய்விடும். சொல்லப்போனால் அவள் அப்பன் கிணறுதான் அங்கே ஆவியாகிக்கொண்டிருந்தது. ஆவியாக்குவதே மகளின் செக்‌ஷன்தான் என்று எழிலரசிக்குத் தெரிந்தால் துடைப்பத்தால் வரவேற்பாள்.

கொஞ்ச நாளாக மூன்றாவது ஹாலில் சூடு குறைந்துகொண்டே வந்தது. கங்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போன மாதம் தான் மாற்றிய ஃபேன் செட்டிங்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவிடம்கூட, “இனிமே லாரி குறையும் பாரும்மா, நான்தான் செஞ்சேன்” என்று பீற்றிக்கொண்டாள்.

ஃபில்டர் பார்க்கும் சாக்கில் மூன்றாவது ஹாலுக்குப் போனாள். ஐடி கார்டின் பின்னால் அவசரத்துக்கு என்று ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை விரல் நுனியில் எடுத்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள், யாருமில்லை. முதல் வரிசையில் ஓர் அலமாரிக் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை.

பக்கத்து அலமாரியைத் திறந்தாள். அதிலும் வெறும் கம்பிதான். அந்த வரிசையே துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அடுத்த வரிசையில் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன, ஆனால் ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு அட்டை. ‘அகற்றப்பட வேண்டியது’ என்று இங்கிலீஷில் எழுதி மாதக் கடைசித் தேதி போட்டிருந்தது.

“என்ன மேடம் பண்ணுதீங்க?”

கங்கா தூக்கிவாரிப் போடத் திரும்பினாள். அந்தோணிராஜ். தூத்துக்குடிக்காரர், கேம் கம்பெனி சார்பில் அந்த ஹாலைப் பார்த்துக்கொள்பவர். அவள் விரலில் இருந்த பொட்டைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்தது.

“வைங்க வைங்க. கடைசிப் பொட்டு” என்றார்.

“இன்னா சார் இது? மிஷின்லாம் எங்க?”

“காலி பண்ணுதோம். இந்த மாசத்தோட சரி.”

“வேற ஊருக்கு மாத்துறீங்களா?”

“மாத்தலாம் இல்ல மேடம், கடையையே மூடுதாங்க. இந்தியாவுலயே இனி கிடையாது.”

கங்காவுக்கு வந்தது கோபம்தான். “அவ்ளோ கூட்டம் ஆடுதே சார்! போன மாசம் வரைக்கும் சாயங்காலமானா இந்த ஹால நாங்க குளுத்த முடியாம செத்தோம். கூட்டம் வந்தா லாபம்தானே?”

“அங்கதான் மேடம் வம்பே. சினிமான்னா ஒரு படத்த வச்சிக்கிட்டு லட்சம் பேருக்கு அனுப்பிரலாம். கேம்ல அப்படி முடியாது. ஒவ்வொரு பயலுக்கும் இங்கன ஒரு மிஷின் தனியா உக்காந்து படம் வரைஞ்சிக்கிட்டே இருக்கணும். அதுவும் எல்லாப் பயலும் ஒரே நேரத்துலதான் வாரான். நம்ம கம்பெனி பஸ்ஸையே பாருங்க. ஷிஃப்ட் மாறுற அந்த நேரத்துக்காக அத்தன பஸ் நிறுத்தி வைக்கணும். மத்த நேரம் சும்மா கெடக்கும். இதுல என்னன்னா, சும்மா கெடக்கும்போதும் டீசல் குடிக்கும். டிக்கெட்டு மட்டும் ஷேர் ஆட்டோ ரேட்டு. எப்படி ஓடும்?”

“அப்போ ரேட்டை ஏத்துறது.”

“ஏத்துனா ஹாஸ்டல் பய வருவானா? அவன் போன்லயே சும்மா ஆடிட்டுப் போயிருவான்.”

“போர்டு வைக்கும்போது இது தெரியாதாமா உங்க ஆளுங்களுக்கு?”

“தெரியும். நெறைய பேர் சேர்ந்தா சரியாயிரும்னு நெனச்சாங்க. நெறைய பேர் சேர்ந்தாங்க, நட்டந்தான் நெறைய ஆச்சு.” அந்தோணிராஜ் சிவப்பு அட்டை ஒன்றை நேராக்கினார். “எனக்கும் சேத்துதான் அட்டை மாட்டிருக்காங்க மேடம். வீட்ல இன்னும் சொல்லல.”

கங்காவுக்கு அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. “போனாப் போவுது, தண்ணியாவது மிஞ்சும்” என்று முனகினாள்.

“எங்க மிஞ்சும்? இந்த ஹாலுக்கு அடுத்த ஆளு ரெடியா நிக்கான். அவன் மிஷினு இதவிடக் கொதிக்குமாம். உங்க மேனேஜர் சொல்லலியா?”

அடச்சே என்று ஆகிவிட்டது. ஃபேன் செட்டிங்கும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. தம்பி கடையும் போச்சு, அம்மாவுக்குத் தண்ணீரும் இல்லை.

அந்தோணிராஜ் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த வாரம் அவங்களே அறிவிப்பாங்க. அதுவரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. நானும் கையெழுத்துப் போட்ருக்கேன், நீங்களும் போட்ருக்கீங்க. பாத்துக்கிடுங்க.”

ஆமாம், போட்டிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே. உள்ளே யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று வெளியே சொன்னால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டீ குடிக்கும்போது ஒரு போட்டோ எடுத்துப் போட்ட பையனை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள். பலராமன் கிணறு எத்தனை நாள் ஊறும் என்று தெரியாது. பகலவன் கடை இதோ இப்படி. அந்த வீட்டில் மாசமானால் நிச்சயமாக வருவது கங்கா சம்பளம் ஒன்றுதான்.

அடுத்த வாரம் அறிவிப்பார்களாம். ஆறு கம்ப்யூட்டரும் இன்று போகிறது. அது போனால் பகலவன் கையில் மிஞ்சப்போவது சுவரில் மாட்டிய வெறும் ஸ்கிரீன்கள். படம் அனுப்ப ஆளில்லாத ஸ்கிரீனில் என்ன ஆடுவது, பல்லாங்குழியா?

கேன்டீனுக்குப் போய் முதல் வேலையாகப் போன் போட்டாள். பின்னால் ஒரே கூச்சல், கடையில் கூட்டம் நெரிந்தது.

“டேய், அந்த ஆறையும் இன்னிக்கிக் குடுக்காத.”

“ஏன்?”

என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள். “ஆயுத பூஜை அன்னிக்கி ஆயுதத்த வூட்ட வுட்டு வெளிய அனுப்புவாங்களாடா? நாளிக்கி விஜயதசமி. அப்புறமா ஒரு நாள் பாத்துக் குடு.”

பகலவன் சிரித்தான். “யாரு பேசுறது, எங்கக்காவா? ராகு காலத்துலதான் பரீச்சை ஃபீஸ் கட்டுவேன்னு நின்னவ நீ.”

“சொன்னா கேளுடா.”

“அப்பா போன் பண்ணாரா? அவர் சொல்லிக் குடுத்து நீ பேசுறியா?”

“இல்லடா, சத்தியமா இல்ல.”

“அப்போ காரணத்தச் சொல்லு.”

கங்கா சுற்றிப் பார்த்தாள். பக்கத்து மேஜையில் ஷிஃப்ட் மேனேஜர் பொரி கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

“வந்து சொல்றேன். நான் வர வரைக்கும் குடுக்காத.”

“பாத்தியா பாத்தியா, டபாய்க்கிற. உங்க எல்லாருக்கும் நான் ஒருத்தன் நல்லா வந்துடக் கூடாது. வைக்கா போனை, இங்க ஆளு நிக்கிறான்.”

வைத்துவிட்டான். மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. இன்னொரு தரம், அதுவும் இல்லை. கங்காவுக்கு அழுகை வரவில்லை, பல்லை நறநறவென்று கடிக்கத்தான் தோன்றியது. உண்மை தெரிந்தவள் பொய்க்காரி மாதிரி முழிக்க வேண்டும், பொய் போர்டு வைத்தவன் மட்டும் மரியாதையாக அடுத்த வாரம் அறிவிப்பான்!

ஷிஃப்ட் முடிந்ததும் பஸ்ஸில் ஏறினாள், கூட்டுரோட்டிலேயே இறங்கினாள். மெஸ் வாசலில் வேன் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே சாக்குமேல் இரண்டு கம்ப்யூட்டர், கழுத்தில் மாலையோடு. மூன்றாவதைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் படி இறங்கி வந்தான். கங்கா அவனை இடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

மாடியில் நிற்க இடமில்லை. லீவு நாள் என்பதால் மறைமலை நகரிலிருந்துகூடப் பையன்கள் வந்திருந்தார்கள். ஆனால் ஆட்டம் எங்கே நடந்தது? பாதி ஸ்கிரீனில் ‘வரிசையில் காத்திருக்கவும்’ என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எப்படிச் சுற்றாது? மிஷினைத்தான் வரிசை வரிசையாகக் கழற்றுகிறார்களே!

“என்னண்ணே இது, கோயில் கியூவா? காலைலருந்து சுத்துது” என்று தளவாய் கத்தினான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், கார் சீட்டு தைக்கும் கம்பெனியில் வேலை. அந்தக் கூட்டத்திலேயே நன்றாக ஆடுகிறவன் அவன்தான். தான் ஆடுவதை ஊரில் இருக்கும் சிநேகிதர்களுக்கு லைவாகக் காட்ட ஸ்கிரீன் பக்கத்தில் போனை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தான். “அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல ஒண்ணத் தட்டி விடுங்கண்ணே, ஆடிட்டுப் போறோம்.”

“பொட்டு வச்சாச்சுப்பா. இன்னிக்கி ஆன் பண்ணக் கூடாது” என்றான் பகலவன்.

“ஆன் பண்ணக் கூடாது, ஆனா விக்கலாமாடா?” என்று வாசலில் இருந்தே கேட்டாள் கங்கா.

பகலவன் முகம் சுருங்கியது. “வந்துட்டியா? வந்துட்டாங்கப்பா. அக்கா, கூட்டத்துல மானத்த வாங்காத.”

“கீழ வா. ஒரு நிமிஷம்.”

“கடைய வுட்டுட்டு எங்க வர்றது? இங்கயே சொல்லு.”

“அந்த ஸ்கிரீன நம்பாதடா.”

“ஏன் நம்பக் கூடாது? நீ பெரிய படிப்பு படிச்சவதான? நான் கேக்குறேன், பதில் சொல்லு. ஆறு கம்ப்யூட்டர நான் இங்க வச்சி, அதுக்கு ஏ.சி. போட்டு, மூணு வருஷத்துல பழசாயிட்டா தூக்கிக் குப்பைல போட்டு, மறுபடி வாங்கணும். அதுவே அங்க ஒரு மிஷினு, காலைல இவன் ஆடுவான், சாயங்காலம் அவன் ஆடுவான். எது சிக்கனம்? எது குப்பை? சொல்லு.”

“காலைல எவன்டா ஆடுறான்? எல்லாவனும் ஷிஃப்ட்ல இருக்கான்! சாயங்காலம் மொத்தமா வந்து விழுறீங்க. காலைலல்லாம் அது சும்மா கொதிச்சிக்கினு கீது, எனக்குத் தெரியாதா? அந்தக் கொதிப்ப ஆத்துறதுக்குத்தான் அம்மா வாசல் தெளிக்கத் தண்ணி இல்லாம நிக்குது!”

“அப்போ நீ வேலைய வுட்டுடு! அப்பாவ லாரிக்குத் தண்ணி குடுக்காதன்னு சொல்லு! நீ சம்பளம் வாங்கலாம், அவரு தண்ணி விக்கலாம், நான் மட்டும் ஒலகத்தக் காப்பாத்தணுமா?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கங்காவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் ஒரே கொப்பரையைச் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் விறகு தள்ளுகிறார்கள், இதில் யார் யாரைத் திட்டுவது?

வேன்காரன் நாலாவதைத் தூக்கினான். ஒயர் தரையில் இழுபட்டது.

“பகலு, கிட்ட வா” என்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள். “அவங்க மூடுறாங்க.”

“இன்னா?”

“மூடுறாங்கடா.”

“கேக்கல, சத்தமா சொல்லு. யாரு மூடுறது?”

வேன்காரன் வாசலைத் தாண்டினான்.

கங்கா ஒரு விநாடி மேனேஜரை நினைத்தாள், கையெழுத்தை நினைத்தாள். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினாள்.

“கேம் கம்பெனிக்காரன்டா! மாசக் கடைசில காலி பண்றான்! பாதி மிஷினக் கழட்டியாச்சு, மீதிக்கு சிவப்பு அட்டை மாட்டியாச்சு. என் கண்ணால பாத்துட்டு வரேன். அதான்டா உன் ஸ்கிரீன்ல வட்டம் சுத்துது! அந்த ஆறும் போச்சின்னா உங்கிட்ட ஒண்ணும் இருக்காதுடா, பைத்தியக்காரா!”

மெஸ்ஸில் தோசை சுடும் சத்தம் மேலே கேட்டது.

பகலவன் அக்காவின் முகத்தையே பார்த்தான். கடை என்ன ஆகும் என்று கேட்பான் என்று கங்கா நினைத்தாள்.

“இத்த வெளிய சொன்னா உன் வேலை போயிடும்னு சொல்லுவியேக்கா” என்றான்.

கங்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

“அதான் காலைல பூஜை நாளு, ஆயுதம்னு உளறினியா?”

“வேற இன்னாடா சொல்றது?”

அவ்வளவுதான். பகலவன் செருப்புக்கூடப் போடாமல் படியில் பாய்ந்தான். “அண்ணே! எறக்குண்ணே! எறக்கு, எறக்கு!” என்று கீழே அவன் போட்ட கூச்சலும், காஞ்சிபுரத்து ஆள் பதிலுக்குப் போட்ட கூச்சலும் கூட்டுரோடு முழுக்கக் கேட்டிருக்கும். வாக்கு கொடுத்துவிட்டுப் பின்வாங்குகிறாயா என்று அந்த ஆள் பகலவன் சட்டையைப் பிடித்தான். ஹாஸ்டல் பையன்கள் தடதடவென்று இறங்கிப் போய் நடுவில் நின்றார்கள். யாரோ இரண்டு பேர் வேனில் ஏறி, மாலை போட்ட கம்ப்யூட்டரை மாப்பிள்ளையை இறக்குகிற மாதிரி பதனமாக இறக்கினார்கள்.

கங்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறும் திரும்பி வந்துவிடும். பழசுதான், மூன்று வருஷத்தில் குப்பைக்குப் போகிறதுதான், ஆனால் அவனுடையது. அது போதும் என்று நினைத்தாள். வெளியே சொன்னது இந்தப் பையன்களுக்கு மட்டும்தானே கேட்டது, இவர்கள் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறார்கள்?

“யக்கா...”

தளவாய் எதிரில் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“என்னடா?”

“யக்கா, தப்பா நெனச்சிராதீய. கேம் வராம வட்டம் சுத்துச்சுல்லா, நான் லைவ அணைக்க மறந்துட்டேன். நீங்க பேசுனது பூரா போயிருச்சு.”

“எங்க போச்சு?”

“எங்க ஊர்ப் பயலுவோதான் பாத்துட்டு இருந்தானுவோ. இப்ப அவனுவோ எடுத்து எங்கெங்கயோ போட்டுட்டானுவோக்கா. ‘கம்பெனி மூடுதானாம், உள்ள வேல பாக்குற அக்காவே சொல்லுது’ன்னு போட்ருக்கானுவோ. நான் அழிச்சிட்டேன், ஆனா அவனுவோ போட்டது...”

அவன் போனை நீட்டினான். அதில் கங்கா. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு பளிச்சென்று தெரிய, தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

கங்காவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அப்பா.

“கங்கா, இன்னாமா இது? லாரிக்காரன் போன் பண்ணி, உங்க கம்பெனிக்கு இனிமே தண்ணி வேணாமாமே, உன் பொண்ணே சொல்லுதுன்றான். நெசமா?”

பதில் சொல்வதற்குள் போன் கை மாறியது. எழிலரசி. இந்த ஒரு வாரத்தில் புருஷன் கையிலிருந்து அவள் எதையாவது வாங்கியது இதுதான் முதல் தடவை. “நெசமாடி கண்ணு? லாரி நின்னுடுமா? நீதான் நிறுத்திட்டியா? தெருவுல எல்லாருக்கும் காட்டிட்டேன்டி உன் வீடியோவ!”

அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். அடுத்து வருகிறவன் இதைவிடக் கொதிப்பான், லாரி இன்னும் அதிகமாகத்தான் ஓடும் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? “வூட்டுக்கு வந்து பேசுறேம்மா” என்று வைத்தாள்.

வைத்த கையோடு மறுபடி அடித்தது. இந்த முறை ஷிஃப்ட் மேனேஜர்.

பகலவன் படி ஏறி வந்துவிட்டான். சட்டை பொத்தான் இரண்டு போயிருந்தது, இரண்டு கையாலும் ஒரு கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். அக்காவின் போனில் பெயரைப் பார்த்தான். தளவாயின் முகத்தைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது.

“எடுக்காதக்கா” என்றான். “அது நீ இல்லன்னு சொல்லிடலாம். இப்போ எவன் மூஞ்ச வேணா ஒட்டி வீடியோ பண்றானுங்களே, அந்த மாதிரி யாரோ பண்ணிட்டான்னு சொல்லு. நான் சொல்றேன். இவனுங்க அத்தினி பேரும் சொல்லுவானுங்க.”

“ஆமாக்கா, நாங்க சொல்லுதோம்” என்றான் தளவாய்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கங்கா சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பையன்களும் அவளுக்காகப் பொய் சொல்லத் தயாராக நின்றார்கள். காலையிலிருந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது போதாதா? பூஜை நாள் என்று ஒரு பொய், வந்து சொல்கிறேன் என்று ஒரு மழுப்பல், இனிமேல் இதற்கொரு பொய்யா?

பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தாள்.

“கங்கா, ஒரு வீடியோ வந்திருக்கு” என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை, ரொம்ப நிதானமாக இருந்தது. “இது நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் மேல பேசிக்கிறேன்.”

பகலவன் கெஞ்சுகிற மாதிரி தலையை ஆட்டினான்.

“நான்தான் சார்” என்றாள் கங்கா. “அதுல இருக்கறது என் குரல்தான்.”